தொண்டையில் இரண்டு கீற்றுகள்

என் அக்காவுக்கு வாய் ஓயாது. தூக்கத்தில்கூட யாரையாவது அதட்டிக்கொண்டிருப்பாள். அப்படிப்பட்டவளுக்கு ஸ்கேன் மருந்தை ஊசியில் ஏற்றிவிட்டு, ஒரு மணி நேரம் தனி அறையில் பேசாமல் படுத்திருக்கச் சொன்னார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவள் ஒரு மணி நேரம் சும்மா இருப்பாள் என்பதே எனக்குப் பெரிய சமாச்சாரம்.

மார்பில் புற்றுநோய்க் கட்டிகள். நான்கு தவணை மருந்து ஏறியிருந்தது. அவை கரைந்திருந்தால் இன்னும் இரண்டு தவணையோடு முடிந்தது. இல்லையென்றால் இதைவிடக் கடுமையான மருந்து, மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி.

மறுநாள் டாக்டரம்மா இரண்டு படங்களைத் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பழையதில் மார்பெல்லாம் கறுப்புத் திட்டுகள். புதியதில் மார்பு சுத்தம். ஆனால் தொண்டை நடுவில் புதிதாக இரண்டு கறுப்புக் கீற்றுகள்.

ஊசி போட்ட பிறகு பேசினீர்களா என்று டாக்டரம்மா கேட்டார். இல்லவே இல்லை என்றாள் அக்கா, பச்சைப்பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

"பேசலைன்னா அங்கேருந்து சதை எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்மா."

அக்கா தரையைப் பார்த்தாள். "கொஞ்சம் பேசினேன்."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு மணி நேரம்."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். அதிகம் உழைக்கிற இடத்தில்தான் அந்த ஸ்கேன் மருந்து போய்ச் சேருமாம். கீற்றுகள் இரண்டு பக்கமும் ஒரே அளவு, அங்கே கட்டி எதுவும் இல்லை, அது பேசிப் பேசிக் களைத்த குரல் நாண் என்றார். கட்டிக்குக் கொடுத்த மருந்து நன்றாக வேலை செய்கிறது என்றும் சொன்னார்.

சந்தோஷத்தில் எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. வெளியே வந்ததும் பிடிபிடியென்று பிடித்தேன். அப்படி யாரோடு, என்ன பேச்சு?

"உங்க அத்தானோடதான். போனை ஒளிச்சு வச்சிருந்தேன். வீட்ல எது எங்க இருக்குன்னு ஒண்ணொண்ணா எழுதிக்கச் சொன்னேன். பிள்ளைங்க சர்டிபிகேட், பீரோ சாவி, எல்லாம். நான் இல்லாமப் போயிட்டா அந்த மனுஷன் எங்கடி போய்த் தேடுவார்?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அவள் அங்கேயே நின்று அத்தானுக்குப் போன் போட்டாள். விஷயத்தைச் சொல்லி, எழுதி வைத்ததைக் கிழித்துப் போடச் சொன்னாள். அவர் ஒரு வரிகூட எழுதவில்லையாம். அவர் குரல் எனக்கும் கேட்டது.

"எதுக்கு எழுதணும்? நீதான் வந்துடுவியே."

அக்கா அழுதுகொண்டே அவரைத் திட்ட ஆரம்பித்தாள்.