நல்ல கால்

அவனைப் பூனை என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். கட்டடம் எழுப்புகிற இடத்தில் இரும்புக் குழாய்களைக் கோத்துச் சாரம் போடுவது அவன் தொழில். எவ்வளவு உயரத்தில் நின்றாலும் ஒடுக்கமான பலகையில் சத்தமே இல்லாமல் நடப்பான், அதனால் வந்த பெயர். அந்தப் பூனைதான் மழையில் ஊறிய பலகையில் வழுக்கி விழுந்து, இடது கணுக்காலில் எலும்பு விரிசலும் தசைநார்க் கிழிசலுமாக ஆஸ்பத்திரியில் கிடந்தது. பார்க்க வந்த கூட்டாளிகள் சும்மா இருப்பார்களா? நிஜப் பூனை விழுந்தால் காலில் நிற்குமே, இது என்ன குப்புற விழுகிற பூனை என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான்.

மாவுக்கட்டைப் பிரித்த பிறகு பிசியோதெரபிக்கு அனுப்பினார்கள். அந்த அறை மாடியில் இருந்தது. நடக்க முடியாதவர்கள் வருகிற இடத்தை மாடியில் கொண்டுபோய் வைத்த புண்ணியவான் யாரோ தெரியவில்லை. கைப்பிடியைப் பிடித்து ஏறிப் போவதற்குள்ளேயே பாதி உயிர் போய்விடும். மீதிப் பாதியை பிசியோ மேடம் எடுப்பார். குள்ளமான பெண்மணி, சிரிப்புக்குப் பஞ்சம். பாதத்தில் ரப்பர் பட்டையை மாட்டி இழு என்பார். ஸ்பாஞ்சுத் திண்டின் மேல் ஒற்றைக் காலில் நில் என்பார். சுவரில் விரல் நுனியை வைத்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கு என்பார். எல்லாமே இடது காலுக்குத்தான். வலது காலை யாரும் ஏனென்று கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் மனைவி அவனை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, காலை இன்னொரு நாற்காலியில் தூக்கி வைத்துவிடுவாள். தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பாள். எதற்கு வம்பு என்று மாதக்கணக்கில் உட்கார்ந்தே கிடந்தான்.

பெரிய கட்டடம் ஒன்றில் வேலை ஆரம்பிக்கப் போவதாக மேஸ்திரி சொல்லி அனுப்பினார். பிசியோ மேடம் வாயால் சரி என்று சொன்னால் பூனை மேலே ஏறலாம், இல்லாவிட்டால் அந்த இடத்துக்கு நிரந்தரமாக வேறு ஆள். அதைக் கேட்டதிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. தரையில் நின்று மண் அள்ளுகிற பூனையை நினைத்துப் பார்க்கவே அவனால் முடியவில்லை. மேலே நிற்கிற வரைக்கும்தான் அவன் ஒரு ஆள் என்று நம்பியிருந்தான்.

மனைவிக்கு வேறு கவலை. சாரம் போடும்போது ஒருவன் கீழே நின்று குழாயை நீட்டுவான், ஒருவன் மேலே நின்று வாங்கி முடுக்குவான். பூனைக்குக் கீழே நிற்பது அவளுடைய தம்பி. மேலே இருப்பவன் தடுமாறினால் கை நழுவுகிற குழாய் நேராக அவன் தலைக்குத்தான் வரும்.

"மனசாரச் சொல்லுங்க, கால் சரியாயிடுச்சா?" என்று தினமும் கேட்டாள். ஆகிவிட்டது என்று தினமும் சொன்னான். அவள் பாவம், நம்பினாள்.

சோதனைக்கு முன்னால் பிசியோ மேடம் கணக்கைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"நல்ல கால் எவ்வளவு பண்ணுதோ, அடிபட்ட காலும் கிட்டத்தட்ட அவ்வளவு பண்ணணும். அப்பதான் சரின்னு சொல்வேன்."

பூனைக்கு மூளையில் மின்னல் அடித்தது. இடது காலை ஏற்றத்தானே இவ்வளவு பாடு? வலது காலை இறக்கிவிட்டால் வேலை முடிந்ததே!

முதலில் வலது காலில் நிற்கச் சொன்னார். குதிகாலைத் தூக்கினான், இறக்கினான். கொஞ்ச நேரத்திலேயே முகத்தைச் சுளித்து, மூச்சு வாங்குகிற மாதிரி காட்டி, முடியவில்லை என்று நிறுத்திவிட்டான். கால்கூட லேசாக நடுங்கியது, நெற்றியில் வியர்வையும் துளிர்த்தது. அடேயப்பா, நமக்கு இவ்வளவு நடிப்பு வருமா என்று தன்னையே மெச்சிக்கொண்டான். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு இடது காலில் உயிரைக் கொடுத்து எழும்பினான். இரண்டும் ஏறக்குறைய சமமாக வந்தது. மேடம் அவன் எதிரிலேயே மேஸ்திரிக்கு போன் பண்ணி, ரெண்டு காலும் ஒண்ணாத்தான் இருக்கு, வரச் சொல்லுங்க என்றார். கடைசியில் ஒரு சிரிப்புகூடச் சிரித்தார்.

அன்று சாயங்காலம் மச்சினன் வீட்டுக்கு வந்தான். அக்காள் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே, பூனைக்குப் பதிலாக இத்தனை நாள் மேலே நின்ற ஆளைப் பற்றிப் புலம்பித் தீர்த்தான். எந்த நேரம் எது விழுமோ என்று பார்த்துப் பார்த்துக் கழுத்து சுளுக்கிக்கொண்டதுதான் மிச்சமாம்.

"நீங்க மேல நின்னா நான் அண்ணாந்துகூடப் பாக்க மாட்டேன் மாமா" என்றான். அதில் அவனுக்கு எவ்வளவு நிம்மதி!

பூனைக்குச் சுருக்கென்று தைத்தது. கெட்டிக்காரத்தனம் என்று காலையில் நினைத்தது சாயங்காலம் துரோகமாகத் தெரிந்தது. மனைவியின் முகத்தை அவனால் நேராகப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலையில் மச்சினனின் பைக்கில்தான் வேலைக்குக் கிளம்பினான். வழியில் பிசியோ இருந்த தெருவில் நிறுத்தச் சொல்லி, மேடத்துக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லிவிட்டு வருவதாகப் பொய் சொல்லி மாடி ஏறினான். மேடம் அப்போதுதான் ஜன்னலைத் திறந்துகொண்டிருந்தார்.

"மேடம், நேத்து உங்க கண்ணுல மண்ணைத் தூவிட்டேன். வலது கால்ல பாதியிலயே வேணும்னு நிறுத்திட்டேன்."

திட்டுவார் என்று தலையைக் குனிந்து நின்றான். அவர் திட்டவில்லை. அப்படியானால் இப்போது முழுசாகச் செய்து காட்டுங்கள் என்றார்.

அதில் ஒரு ரோஷம் வந்தது பூனைக்கு. இடது கால் போனால் போகட்டும், வலது காலின் வலுவை இந்த அம்மா பார்க்கட்டும் என்று சுவரில் விரலை ஊன்றி எழும்பினான். நேற்று நிறுத்திய இடம் வந்தது. அதைத் தாண்டி ஒரு தரம் எழும்பினான். அடுத்த தரம் குதிகால் தரையை விட்டு வரவில்லை. ஏதோ தசைப் பிடிப்பு என்று நினைத்து, உட்கார்ந்து எழுந்து மறுபடி முயன்றான். கெண்டைக்கால் பற்றி எரிந்தது, முழங்கால் மடங்கியது, மேஜையைப் பிடித்துக்கொண்டான். நேற்று வந்த நடுக்கம் இன்றைக்கும் வந்தது. இன்றைக்கு அவன் நடிக்கவில்லை.

மேடம் கீழே உட்கார்ந்து இரண்டு கெண்டைக்காலையும் இரண்டு கையால் அழுத்திப் பார்த்தார்.

"நீங்க என்னை ஏமாத்தல. ரெண்டும் வத்திப் போயிருக்கு. மாசக்கணக்கா உக்காந்திருந்த காலைப் போய் நான் அளவா வெச்சிருக்கேன். என் தப்பு."

பூனைக்கு ஏமாற்றுக்காரனாகவே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. அப்போது ஒரு காலாவது மிச்சம் இருந்திருக்கும். எந்தக் காலை நம்பி இவ்வளவு நாள் தைரியமாக இருந்தானோ அதுவே இல்லை என்றால் ஒரு மனிதன் எதன் மேல்தான் நிற்பது?

மேடம் மேஸ்திரிக்கு மறுபடி போன் பண்ணினார். தவறு தன்னுடையது என்றும், இரண்டு காலையும் தேற்றி அனுப்பக் கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்றும் கெஞ்சாத குறையாகச் சொன்னார். மேஸ்திரி முழுசாகக் கேட்கவில்லை. ஆள் வெளியே நிற்கிறான், அவனையே வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார்.

பூனை கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினான். கீழே மச்சினன் பைக்கை அணைக்காமல் காத்திருந்தான்.

"என்ன மாமா, மேடம் என்ன சொன்னாங்க?"

"ரெண்டு காலும் ஒண்ணாத்தான் இருக்காம்."

"அப்புறம் என்ன, ஏறுங்க."

பூனை ஏறவில்லை. பின்சீட்டில் தான் வைத்துவிட்டுப் போயிருந்த ஹெல்மெட்டை எடுத்து மச்சினன் கையில் கொடுத்தான்.

"ரெண்டுமே உன் தலைக்கு மேல நிக்கிற கால் இல்ல மாப்ள. அக்காகிட்ட நானே சொல்லிக்கறேன், நீ போ" என்றான். மச்சினன் வாயைத் திறப்பதற்குள் அவன் தோளை இறுகப் பிடித்தான். "மேல புது ஆளு. அண்ணாந்து பாத்துக்கிட்டே வேலை செய்."