காலை மடக்க மாட்டேன்

ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரத்தம் எடுத்துச் சோதிப்பார்கள், ஈரல் சரியில்லை, இன்றைக்கு மருந்து ஏற்ற முடியாது, போய்விட்டு வா என்பார்கள். மார்பிலிருந்த கட்டி பாதியாகக் கரைந்திருந்த நேரம் அது. அடுத்த தடவையும் ஈரல் இப்படியே இருந்தால் இந்த மருந்தையே நிறுத்த வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஒரு சொட்டுக் குடிக்காத பொம்பளைக்கு ஈரல் எப்படிக் கெடும்? எங்கள் தோட்டத்து லய வீடுகளில் தினமும் ஊற்றிக்கொள்கிற ஆம்பளைகள் எல்லாம் குத்துக்கல் மாதிரி திரிகிறார்கள்.

நர்ஸ் கௌசி யாழ்ப்பாணத்துப் பிள்ளை. "அம்மா, வேற ஏதும் மருந்து, கசாயம் எடுக்கிறனீங்களோ? ஒளிக்காமச் சொல்லுங்கோ" என்று இரண்டு தடவையும் கேட்டாள். இல்லவே இல்லை என்று சத்தியம் செய்தேன். என் புருஷனின் அண்ணன் பொன்னையா, லிந்துலைப் பக்கம் ஒரு சூரணக்காரரிடம் பொடி வாங்கிவந்து, "இங்கிலீசு மருந்து ஒடம்ப எரிச்சுப்புடும், ஆஸ்பத்திரிக்குப் போறத நிப்பாட்டிட்டு இத குடி" என்றார். அந்தப் பொட்டலத்தை அவர் கண் முன்னாலேயே அடுப்பில் போட்டவள் நான். எனக்கா ஒளிக்கத் தெரியும்?

மருந்து ஏற ஆரம்பித்ததிலிருந்து என் நாக்கு செத்துப் போயிருந்தது. சோறும் ஒன்றுதான், மண்ணும் ஒன்றுதான். சாயத்தண்ணி இரும்பை நக்கியது போலிருக்கும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே கொழுந்து பறித்தவள், தேயிலையின் ருசி தெரியாமல் குடித்துக்கொண்டிருந்தேன். காலையும் மாலையும் என் புருஷன் பழனியாண்டி தானே அடுப்பூதிச் சாயம் ஊற்றிக் கொடுத்தார். எனக்கு நோய் வந்த பிறகாவது மனுஷன் திருந்தினாரே என்று உள்ளுக்குள் பூரித்துப் போயிருந்தேன்.

ஒருநாள் எங்கள் காம்பராவுக்கு அடுத்த வீட்டுக் காளியாயி அக்கா பறித்த கொழுந்தை எடைபோட்டுவிட்டு வந்து என் அருகில் உட்கார்ந்தாள். நான் பாதி குடித்து வைத்திருந்த கோப்பையை உரிமையோடு எடுத்து ஒரு வாய் குடித்தவள், அப்படியே வாசலில் துப்பினாள்.

"ஐயே, என்னாடி கருமம் இது? கொடல பெரட்டுது."

"சாயத்தண்ணிதாங்கக்கா."

"எனக்கு சாயத்தண்ணி தெரியாதா? இதுல என்னமோ பொடி கெடக்கு."

கோப்பையைச் சாய்த்துக் காட்டினாள். அடியில் பச்சையும் கறுப்புமாக மண்டி தங்கியிருந்தது. அடுப்படியில் நின்ற என் புருஷன் திரும்பிப் பார்க்கவே இல்லை. அந்த முதுகைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது.

"நான் வேணாம்னு நெருப்புல போட்டத, எனக்கே தெரியாம ஊத்தினீங்களா?"

"அண்ணன் மறுபடி கொண்டாந்து குடுத்தாரு. நீ வாந்தி எடுத்து எடுத்து சுருண்டு கெடக்கிறத பாக்க ஏலல புள்ள. எனக்கு வேற என்னா செய்யத் தெரியும்?"

அவர் கண் கலங்கியது. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் என் கோபம் அதைவிடப் பெரிசாக இருந்தது.

"கட்டி கரையுதுங்க. கரையிற நேரத்துல எனக்கு மருந்து இல்லாமப் பண்ணப் பாத்தீங்களே. இது என் ஒடம்பு. இதுக்குள்ள என்னா போகணும்னு நான்தான் சொல்லணும். நீங்க செஞ்சத நீங்களே வந்து ஆஸ்பத்திரியில சொல்லுங்க."

வெள்ளை உடுப்பைக் கண்டாலே வியர்த்துப்போகிற மனுஷன். ஆனாலும் வந்து சொன்னார். கௌசி ஏசவில்லை. டாக்டரைக் கூட்டிவந்தாள். பொடியை உடனே நிறுத்தச் சொன்னார்கள். ஈரலுக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுத்துவிட்டு மறுபடி சோதிப்போம், தேறினால் ஏற்றுவோம், தேறாவிட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை என்றார் டாக்டர்.

"அப்ப நான் கையக் கட்டிக்கிட்டு பாத்துக்கிட்டே இருக்கணுமா மிஸ்ஸி?" என்று கௌசியைக் கேட்டார் என் புருஷன்.

"ஆர் அப்பிடிச் சொன்னது? நாங்கள் தாற வாந்திக் குளுசையோட, இஞ்சி தட்டிப் போட்டுக் கொஞ்சம் குடுங்கோ, வயித்துப் பிரட்டல் குறையும். கால் எரிஞ்சா எண்ணெய் தடவி மெதுவா உருவி விடுங்கோ, அழுத்தக் கூடாது. மூச்சை ஆறுதலா இழுத்து விடச் சொல்லுங்கோ. இதுகளால இந்த நோய் மாறாது, மருந்தைத் தாங்கிற தெம்பு வரும். வாயால போறது எதெண்டாலும் முதல் எங்களைக் கேளுங்கோ."

சொன்னதோடு விடாமல், என் காலைத் தன் மடியில் வைத்துச் செய்தும் காட்டினாள்.

அன்று சாயங்காலம் அவர் எண்ணெய்ப் போத்தலோடு வந்து முதலில் கதவைச் சாத்தப் போனார். நான் விடவில்லை. உள்ளே புகையும் இருட்டும். நாம் என்ன களவா எடுக்கிறோம்? வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து அவர் மடியில் காலை நீட்டினேன். பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போகிறவர்கள் நின்று நின்று பார்த்தார்கள். "பழனியாண்டி, அது முடிஞ்சா என் காலையும் ஒருக்கா பாரு" என்றாள் காளியாயி அக்கா. அவர் காது சிவந்துபோனது. எனக்கோ, கொள்ளிக்கட்டை மேல் வைத்தது போல எரிந்த பாதம் அவர் கை பட்ட இடமெல்லாம் ஆறிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் பொன்னையா மாமா வந்தார், கையில் புதுப் பொட்டலத்தோடு. அவர் கோயில் தலைவர். அவர் வந்தால் நான் எழுந்து உள்ளே போய்விடுவேன். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் வழக்கம். என் முழங்கால் தானாக மடங்கப் பார்த்தது. பிடித்து நிறுத்திக்கொண்டேன்.

"என்னாடா வேல இது, லயமே பாக்குது, எந்திரிடா" என்று தம்பியை அதட்டிவிட்டு என்னைப் பார்த்தார். "கால மடக்கு."

"மடக்க மாட்டேன் மாமா. ஒங்க பொடியால என் ஈரல் கெட்டுப் போச்சு. இன்னும் ஒருதடவ கெட்டா மருந்து இல்லன்னுட்டாங்க. மருந்து இல்லாட்டி நான் இல்ல."

"நல்லதுக்குத்தானே குடுத்தேன்."

"நல்லதுன்னா என்கிட்ட கேட்டுட்டுக் குடுத்திருக்கணும்."

என் புருஷனின் கை என் கணுக்காலில் அப்படியே நின்றுபோயிருந்தது. அப்பா இல்லாத பிள்ளையை வளர்த்த அண்ணன். அவர் சொன்ன ஒன்றையும் இவர் இதுவரை தட்டியதில்லை. இப்போது எழுந்தால், நாளைக்கு இவர் ஊற்றித் தருகிற சாயத்தண்ணியை நான் எந்த நம்பிக்கையில் குடிப்பேன்? என் புருஷன் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்தார். எழும்பப் போகிறார், அவ்வளவுதான், எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"கொண்டு போங்க அண்ணே" என்றார். "இனிமே இது இந்த வீட்டுக்கு வேணாம்."

பிறகு குனிந்து என் மற்றக் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மாமாவுக்கு முகம் செத்துவிட்டது. "செத்துப் போனா என்னைக் குத்தம் சொல்லாத" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

"செத்தவ எப்பிடி மாமா குத்தம் சொல்லுவா? உசுரோட இருந்துதான் சொல்லுவேன்."

அடுத்த கிளினிக்கில் இரத்த ரிப்போட் வரும்வரை நாங்கள் இருவரும் கௌசி வருகிற வழியையே பார்த்துக்கொண்டிருந்தோம். கௌசி தூரத்திலேயே சிரித்துக்கொண்டு வந்தாள். ஈரல் தேறியிருந்தது. நரம்பு கிடைக்காமல் கையில் இரண்டு இடத்தில் குத்தினாள். இன்னும் பத்து இடத்தில் வேண்டுமானாலும் குத்து தாயே என்று இருந்தது எனக்கு. போத்தலிலிருந்து மருந்து சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்து, அத்தனை நாள் வராத அழுகை அப்போது வந்தது.

இஞ்சியும் மூச்சும் பாதி வழி தாங்கின. முன்பெல்லாம் ஆஸ்பத்திரி கேட் தாண்டுமுன்பே வாந்தி தொடங்கிவிடும். இந்தத் தடவை வீடு திரும்பும் பஸ்ஸில், கினிகத்தேனை மலை வளைவுகளில்தான் எடுத்தேன். என் புருஷன் முகத்தைத் திருப்பாமல் பையை விரித்துப் பிடித்துக்கொண்டார். முன் சீட்டுப் பொம்பளை சேலையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "பஸ்ஸு ஒத்துக்காதா?" என்று முகம் சுளித்தாள்.

"பஸ்ஸு இல்லங்க" என்று வாயைத் துடைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன். "இன்னைக்கி எனக்கு மருந்து ஏத்திட்டாங்க."