அரிவாளுக்குப் போட்ட உறை

குளிப்பாட்ட உட்காரவைத்த அப்பாவின் தலை சாய்ந்துவிடாமல் ரூபேந்திரன் பின்னாலிருந்து தாங்கிக்கொண்டிருந்தான். எண்ணெய் சீயக்காய் வைக்க வந்த கஸ்தூரி அத்தைக்கு வாய் சும்மா இருந்தால்தானே?

"எங்கண்ணன் காலமெல்லாம் கையால குலை வெட்டுன மனுஷன். அந்த மிஷின் உதறுன உதறுலதான் நெஞ்சு அடைச்சிருச்சு லா."

சிங்கப்பூரில் வேலை பார்த்து அந்த மிஷினை வாங்கிக் கொடுத்தவன் ரூபேந்திரன்தான். நீளக் கம்பம், நுனியில் அரிவாள், அடியில் மோட்டார். வேண்டாம் என்ற அப்பாவைக் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தவனும் அவனே. நேற்று எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் ஒரு செம்பனை மரத்தடியில் அப்பாவின் உயிர் போயிருந்தது, பக்கத்தில் மிஷின். அப்போதிருந்து அம்மா சந்திரமதி அவன் முகத்தைப் பார்க்கவேயில்லை. அப்பாவைக் கொன்றவன் என்று நினைக்கிறாளோ என்று அவன் பயந்துகொண்டே இருந்தான்.

குளிப்பாட்டி முடிக்கும்போது தோட்டத்து லோரி வந்து நின்றது. நேற்று அப்பாவை முதலில் பார்த்த, வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் கமலநாதன் மிஷினை இறக்கினார். எங்கே வைப்பது என்று அவருக்கே தெரியவில்லை.

அம்மா எழுந்து போனாள். அரிவாள் மேல் பழைய தண்ணீர்க்குழாய்த் துண்டைக் கீறி உறையாக மாட்டி, ரப்பர் வாரால் கட்டியிருந்தது. முடிச்சைத் தடவிப் பார்த்தாள்.

"தம்பி, இத நீங்களா கட்டுனீங்க?"

"இல்லக்கா. நான் போறப்பவே இப்படித்தான். மோட்டார் ஆறிக் கெடந்துச்சு. வெட்டுன குலையெல்லாம் ரோட்டோரம் அடுக்கியாச்சு. அவரு மரத்துல சாஞ்சு உக்காந்திருந்தாரு. டீ போத்தல் காலி."

அம்மா பெருமூச்சு விட்டாள்.

"கேட்டியா கஸ்தூரி? வேல முடியாம உங்கண்ணன் ஒரு நாளும் உறை போட மாட்டாரு. எல்லாம் முடிச்சிட்டு, நிம்மதியா டீ குடிச்சிட்டுதான் போயிருக்காரு. கையால வெட்டுன காலத்துல உக்காந்து டீ குடிக்க அவருக்கு ஏது நேரம்?"

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அம்மா முதன்முறையாக மகனைப் பார்த்தாள். "அந்த மிஷினாலதான் போயிட்டாரோன்னு நேத்திலேர்ந்து எனக்கும் பயம்தான்டா. உன் மூஞ்சப் பாத்தா அழுதுருவேன்னு இருந்தேன்."

அவனுக்கு நெஞ்சில் கிடந்த பாறை நகர்ந்த மாதிரி இருந்தது. அப்பா போன வீட்டில் இப்படித் தோன்றலாமா என்று வெட்கமாகவும் இருந்தது.

அம்மா காப்பி கொண்டுவந்து நீட்டினாள். நேற்றிலிருந்து எதையும் தொடாதவன் ஒரே மூச்சில் குடித்து முடித்தான்.

"இன்னும் கொஞ்சம் இருக்காம்மா?" என்றான்.