இடப்பக்கம் இழுக்கும் வண்டி

மூன்றாவது தடவையாக மாமா வண்டியைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்குள் வந்தபோது எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் பார்த்த வேலை திரும்பி வந்தால் எனக்குச் சோறு இறங்காது. அதுவும் சொந்த அக்கா புருஷன் வண்டி.

"பிரேக் புடிச்சா இன்னும் இடப்பக்கந்தான் இழுக்குது மாப்ள. இன்னைக்கு லாரிக்கு அடியில போயிருப்பேன். மயிரிழையில தப்பிச்சேன்."

"என்னைய மெக்கானிக்குன்னு நெனச்சீங்களா, மந்திரவாதின்னு நெனச்சீங்களா?"

வழக்கமாக இதற்கு நக்கலாக ஒரு பதில் வரும். அன்று மாமா வண்டிக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு ஓரமாக நின்றுகொண்டார். வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் வேலை. இன்னொரு தடவை விழுந்தால் கம்பெனி நிறுத்திவிடும். அக்காவும் இரண்டு பெண்பிள்ளைகளும் அந்த வண்டியை நம்பித்தான் இருக்கிறார்கள். விழுகிற இடத்தில் லாரி வந்துவிட்டால் வேலையைப் பற்றிக் கவலைப்பட ஆளே இருக்காது.

இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன். பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம் வரை இரண்டு பக்கமும் நூல் பிடித்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே கோட்டில் நின்றன. ரிம்மில் கோட்டம் இல்லை. ஹேண்டிலைத் திருப்பினால் எங்கேயும் சிக்கவில்லை. நானே தெருக்கோடி வரை ஓட்டிப்போய்ச் சடாரென்று பிரேக் பிடித்தேன். சனியன், எனக்கு மட்டும் நேராக நின்றது.

பிறகு பிரேக்கைக் கழற்றினேன். பின்பக்கம் தேய்ந்து இரும்பு தெரிந்தது. முன்பக்கத்து பிரேக் பேடுகளோ மூன்று மாதத்துக்கு முன்னால் நான் போட்டபடியே புத்தம் புதுசாக இருந்தன. எனக்கு மறுபடியும் கோபம் வந்தது.

"முன் பிரேக் எதுக்கு மாமா இருக்கு, அழகுக்கா?"

"புடிக்கிறேனே மாப்ள."

"கிழிச்சீங்க. எங்க, புடிங்க பாப்போம்."

முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி வேகமாகச் சுழற்றிவிட்டேன். மாமா வலது கையால் லீவரை அழுத்தினார். கழுத்து நரம்பு புடைத்தது. சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் விரல்களின் மேல் என் இரண்டு விரலை வைத்து அழுத்தினேன். பட்டென்று நின்றது.

அந்த விரல்களில் ஒரு பலமும் இல்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருந்த சதை வற்றிக் குழிந்து கிடந்தது. பிரேக் பிடிக்கும்போது உடம்பு முன்னால் சாயும். அந்தப் பாரத்தை இடது கை மட்டும் தாங்கினால் வண்டி இடப்பக்கம்தான் போகும். பாவி, இத்தனை நாளும் நான் வண்டியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

"எத்தன நாளா மாமா?"

"ஆறு மாசம் இருக்கும். ஆஸ்பத்திரியில காட்டியாச்சு. நரம்பு செத்துக்கிட்டு வருதாம். கையில ஆரம்பிச்சு மேல ஏறுமாம். மருந்து இல்லையாம்." ஏதோ பார்சல் விலாசம் படிப்பதுபோல் சொன்னார்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"கூட வந்ததே அவதான். சட்டைக்குப் பொத்தான் போட்டு விடுறதும் அவதான்."

"பின்ன எதுக்கு மூணு தடவ வண்டியக் கொண்டாந்தீங்க?" கத்தத்தான் நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டேன்.

"டாக்டருக்கு என்ன தெரியும், வண்டியாத்தான் இருக்கும், தம்பிகிட்ட காட்டுங்கன்னு அவ அனுப்பினா. நானும் வண்டியா இருந்துடக் கூடாதான்னு வந்தேன்."

எவனுக்கும் சிக்காத கோளாறு என் கைக்குச் சிக்கும் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்பவன் நான். அந்தப் பெருமையைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டலாம் போல இருந்தது. அழுகையாக வந்தது. கைத்துணியால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

போன் அடித்தது. அக்கா.

"என்னடா, என்ன கோளாறுன்னு கண்டுபிடிச்சியா?" குரலில் அவ்வளவு ஆசை.

மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

"வண்டில ஒண்ணும் இல்லக்கா," என்றேன்.



"நல்லாப் பாருடா தம்பி," என்றாள். "இன்னொரு தடவ நல்லாப் பாரு."