சிவப்பு மூடிப் போத்தல்

மச்சானின் எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவுக்கு இராஜரட்ணம் கறுப்புக் குப்பைப் பைகளோடு வந்து இறங்கினார். வாழையிலை வாங்கி வரச் சொல்லியிருந்தது. அதை மறந்துவிட்டார், பைகளை மறக்கவில்லை. சப்பாத்தைக் கழற்றியதும் கழற்றாததுமாகப் பேஸ்மென்ற் படிகளில் தடதடவென்று இறங்கிப் போனவர் கீழே நின்றபடியே சத்தம் போட்டார்.

“குணம், உந்த வாளியளும் போத்தலுகளும் இனி ஆருக்கு? சனம் வரமுந்திக் கட்டி எறிஞ்சு விடுறன்.”

குணவதி மேலே குசினியில் இறால் பொரித்துக்கொண்டிருந்தாள். அடுப்பை அணைத்துவிட்டு எண்ணெய்க் கையோடேயே இறங்கிப் போய், அண்ணன் தூக்கிய வெள்ளை வாளியின் மறு காதைப் பிடித்தாள்.

“வையுங்கோ அண்ணை.”

“உது கிடந்து நாறும், பிள்ளை.”

“நாறினா எங்கட வீடுதானே நாறும். வையுங்கோ.”

அவர் வைத்தார். “எப்பிடியும் வீட்டை விக்கேக்க எறியத்தானே வேணும்” என்று சொல்லிக்கொண்டு படியேறினார். வீட்டை விற்பது என்று எவர் எப்போது முடிவெடுத்தது என்று குணவதிக்குத் தெரியாது. செத்தவீட்டில் வைத்தே அவர் வந்தவர்களிடமெல்லாம் சொல்லியாகிவிட்டது: குணமும் பிள்ளையும் இனி விட்பியில் என் வீட்டில்தான். பிள்ளைக்கு அங்கே பள்ளிக்கூடமும் பார்த்துவிட்டார். அவளிடம் மட்டும்தான் கேட்கவில்லை.

குணவதியின் புருஷன் சண்முகலிங்கம் இந்த வாளிக்குப் பக்கத்தில்தான் செத்தார். போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், தான் வீட்டிலேயே போட்டுப் புளித்து முடிந்த பியரை றப்பர் குழாயால் போத்தல்களில் இறக்கிக்கொண்டிருந்தார். ஒரு போத்தல் நிறைந்ததும் குழாயை விரலால் நெரித்து நிறுத்துவார், அடுத்ததில் விடுவார். மேலே உடுப்பு மடித்துக்கொண்டிருந்த குணவதிக்கு, நிற்காமல் ஓடுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தபோது முக்காலியில் இருந்தபடியே சுவரில் சாய்ந்திருந்தார். குழாய் மடியில் கிடந்தது. சாறம் முழுக்க நனைந்து, பியர் சீமெந்துத் தரையால் ஓடித் தண்ணீர் போகிற ஓட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அம்புலன்ஸில் வந்த பெட்டை மூக்கைச் சுளித்துக்கொண்டு, நன்றாகக் குடித்திருந்தாரா என்று கேட்டாள். ஒரு சொட்டும் குடிக்கவில்லை. அந்த மனிதர் வேலை முடியுமுன் ஒரு நாளும் வாயில் வைத்ததில்லை.

குணவதிக்கு அந்த வாசனை பிடிக்கவே பிடிக்காது. மோல்ற் பாகைக் கொதிக்க வைக்கிற சனிக்கிழமைகளில் வீடு முழுக்க எரிந்த சீனி மணக்கும். குளியல் தொட்டிக்குள் போத்தல்கள் ஊறிக்கொண்டிருக்கும். மகள் நிலாணி குளிக்க முடியாமல் கத்துவாள். அவருக்கு அதெல்லாம் காதில் ஏறாது. பிளாஸ்ரிக் பக்டரியில் கூட வேலை செய்கிற கிறிஸ்துநாயகத்தோடு சேர்ந்து தொடங்கிய விளையாட்டு. முதல் வாளி கஞ்சித் தண்ணீர் போல நுரையே இல்லாமல் வந்தது. இரண்டாவதில் போத்தலுக்குச் சீனி கூடிப்போய், வெக்கையான ஒரு மத்தியானம் படார் படாரென்று வெடிக்கத் தொடங்கியது. முதல் சத்தத்துக்கே நாலு பேரும் குசினித் தரையில் குப்புறப் படுத்துவிட்டார்கள். நாலாவது ஆள் பார்க்க வந்திருந்த இராஜரட்ணம். யாழ்ப்பாணத்தில் செல்லடிக்குப் படுத்துப் பழகிய உடம்புகள். பியர் வாசனை படியேறி வந்த பிறகுதான் எழும்பினார்கள்.

மூன்றாவது வாளி நன்றாக வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொன்றும் ஒரு விதம். அவர் வாளியின் மூடியில் செருகிய குழலுக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு, “இஞ்சேரும், குமிழ் விடுது, வந்து கேளும்” என்று கூப்பிடுவார். குடிப்பதில் அவருக்கு அவ்வளவு ஆசை இல்லை. மற்றவனுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கத்தான் ஆசை.

அந்த ஆசையை முடித்து வைத்தவர் இராஜரட்ணம்.

இரண்டு கோடைக்கு முன் அவர் விட்பியில் புது வீட்டுக்குக் குடிபூர்ந்தார். சண்முகலிங்கம் அதற்கென்றே ஒரு வாளி போட்டார். நிலாணி ஒவ்வொரு போத்தலுக்கும் வீட்டுப் படம் கீறி ஒட்டினாள். பின்வளவில் அத்தனை சனத்துக்கும் நடுவில் இராஜரட்ணம் ஒரு வாய் எடுத்தார். எடுத்ததைப் புதிதாகப் போட்ட புல்லில் துப்பினார்.

“உதென்ன மாட்டு மூத்திரமோ மச்சான்? என்ர புல்லும் செத்துப்போம்!”

சனம் சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்வார்கள், அவர் வீட்டு ஆட்டிறைச்சி வாய்க்குள் இருக்கும்போது. சண்முகலிங்கமும் சேர்ந்து சிரித்தார். கனடாவுக்குக் கூப்பிட்டுவிட்ட மச்சான், வந்த புதிதில் வோபர்னில் தன் பழைய வீட்டுப் பேஸ்மென்றில் வைத்திருந்த மச்சான், என்ன சொன்னாலும் சிரிக்கத்தான் வேண்டும். பிறகு பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போய்க் காரில் வைத்தார். வீடு வரும் வரை பின்னால் போத்தல்கள் கிணுங்கிக்கொண்டே வந்தன. அதற்குப் பிறகும் அவர் பியர் போட்டார். கிறிஸ்துநாயகத்தைத் தவிர ஒருவருக்கும் ஊற்றவில்லை. வருகிறவர்கள் கேட்டாலும், “சரியா வரேல்லை, பிறகு பாப்பம்” என்று சொல்லிவிடுவார்.

இதையும் குணவதி பொறுத்திருப்பாள். ஆனால் செத்தவீட்டில், பெட்டிக்குப் பக்கத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்று, இராஜரட்ணம் போத்தல் வெடித்த கதையைச் சொன்னார். “ஆமிக்காரன்ர குண்டுக்குத் தப்பின என்னை என்ர மச்சான் பியர்க் குண்டால முடிக்கப் பாத்தவர்” என்றார். சனம் கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. சண்முகலிங்கம் கோட்டும் ரையுமாகப் படுத்திருந்தார். இந்த முறை அவரால் கூடச் சேர்ந்து சிரிக்க முடியவில்லை.

முன்வரிசைக் கதிரையில் இருந்தபடியேதான் குணவதி முடிவெடுத்தாள். அண்ணைக்கு அதே சனத்துக்கு முன்னால் குடிக்கக் கொடுப்பது. துப்ப முடியாத நாளில் கொடுப்பது.

அப்படியொரு நாள் எட்டுச் செலவுதான். செத்தவர் ஆசைப்பட்டதையெல்லாம் சமைத்து, படத்துக்கு முன்னால் படைத்து, பிறகு சொந்தக்காரர் பங்கிட்டுச் சாப்பிடுகிற நாள். குடித்தவர் என்றால் அவர் குடித்ததையும் வைப்பார்கள். படைத்ததை வேண்டாமென்று சொல்ல எவருக்கும் வாய் வராது. நீரிழிவுக்காரரும் அன்றைக்குப் பலகாரத்தில் ஒரு கடி கடிப்பார்.

சனம் வரத் தொடங்கியதும் குணவதி மகளைக் குசினி மூலைக்குக் கூப்பிட்டாள்.

“கீழ போய்ப் போத்தல் எடுத்துக்கொண்டு வா. சிவப்பு மூடி போட்டதில ஒண்டு.”

நிலாணிக்குப் பதினேழு வயது. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. “சிவப்போ? அம்மா, தட்ஸ் ஃபோர் த ஸ்லக்ஸ்!”

நல்ல பியருக்குப் பொன் நிற மூடி. ஒரு வாளி பழுதாகிப் போய், மேலே வெள்ளை ஆடை படிந்து, வினாகிரியும் நனைந்த நாயும் கலந்தது போல மணத்தபோது, சண்முகலிங்கம் அதைக் கொட்ட மனமில்லாமல் போத்தலில் அடைத்துச் சிவப்பு மூடி போட்டு வைத்தார். பின்வளவில் கத்தரிக் கன்றுகளைத் தின்கிற ஓடில்லாத நத்தைகளுக்கு அதைச் சிரட்டைகளில் ஊற்றி வைப்பார். காலையில் பார்த்தால் நத்தைகள் விழுந்து செத்துக் கிடக்கும். “மனிசர் குடிச்சாச் சாகமாட்டினம், ஆனா வாழவும் மனம் வராது” என்று சொல்லிச் சிரிப்பார்.

“தெரியும். எடுத்துக்கொண்டு வா.”

நிலாணி தாயின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. “அம்மா, பிளீஸ். மாமாவை விட்டா இஞ்ச எங்களுக்கு ஆர் இருக்கினம்?”

“நான் இருக்கிறன். போ.”

நடுவீட்டில் சண்முகலிங்கத்தின் படத்துக்கு முன்னால் வெள்ளைத் துணி விரித்து எல்லாம் வைத்தார்கள். இறால் பொரியல், ஆட்டிறைச்சி, அவர் வளவிலேயே பிடுங்கிய கத்தரிக்காய், ஒரு பெட்டி சிகரெட். வாழையிலை இல்லாதபடியால் பேப்பர் பிளேற்றுகள். கிறிஸ்துநாயகம் போத்தலை உடைத்துக் கிளாஸில் ஊற்றக் குந்தினார். மன்னார்க்காரர், சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரர். இந்தச் சடங்குகள் அவருக்குப் புதிது. ஆனால் மூடியைக் கண்டதும் கை நின்றது.

“அக்கா,” குரலைத் தாழ்த்தினார். “உது சிவப்பெல்லோ?”

“ஓம்.”

அவர் ஒரு கணம் படத்தைப் பார்த்தார். பிறகு இராஜரட்ணத்தைப் பார்த்தார். விட்பியில் அன்றைக்கு அவரும் இருந்தவர். வந்தவர்களில் சிரிக்காத ஒரே ஆள்.

“சரி அக்கா” என்றுவிட்டு மூடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். நுரை வழியாமல் கிளாஸைச் சரித்துப் பிடித்து ஊற்றினார். அந்த ஊற்றுகிற கை அசப்பில் சண்முகலிங்கத்தின் கை மாதிரியே இருந்தது. குணவதிக்கு அழுகை வந்தது, அழவில்லை. அழுதால் கோபம் கரைந்துவிடும் என்று பயந்தாள்.

கற்பூரம் காட்டினார்கள். பெண்கள் அழுது ஓய்ந்தார்கள். குணவதி கிளாஸை எடுத்து நேரே அண்ணனிடம் கொண்டுபோனாள்.

“அண்ணை, நீங்கள்தான் இஞ்ச மூத்த ஆள். முதல் நீங்கள் எடுங்கோ.”

இராஜரட்ணம் எழும்பி நின்றார். சனம் பார்த்துக்கொண்டிருந்தது. அவருக்குச் சனம் பார்த்தால் போதும். தன் வீடியோக் கடையில் படம் வாடகைக்குக் கொடுத்துக் கொடுத்து அவருக்கும் நடிப்பு ஒட்டிக்கொண்டுவிட்டது என்று சண்முகலிங்கம் சொல்வதுண்டு. கிளாஸைப் படத்துக்கு நேரே தூக்கிக் காட்டிவிட்டு ஒரு பெரிய மிடறு குடித்தார்.

குணவதி அந்தத் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போது இருமுவார், இப்போது முகம் கோணும், கண்ணில் தண்ணீர் வரும். தொண்டை ஒருதரம் ஏறி இறங்கியது. புருவம் மெல்ல ஆடியது. அவ்வளவுதான்.

“அருமை!” என்றார் இராஜரட்ணம். கைலேஞ்சியை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். “என்ர மச்சான்ர கை எண்டா கைதான். கடையில காசு குடுத்தும் உப்பிடி வாங்கேலாது. அண்டைக்கு விட்பியிலயும் நான் உதைத்தானே சொன்னனான்.”

சனம் தலையாட்டியது. “பாவம், நல்ல மனிசன்” என்று ஒரு குரல் கேட்டது.

குணவதி அந்த வாயையே பார்த்தாள். நல்லதைக் கொடுத்தபோது துப்பிய வாய். கெட்டதைக் கொடுத்தால் அருமை என்கிறது. அப்படியானால் அன்றைக்கும் அந்த வாய்க்கு ருசி தெரியவில்லை. சனம் சிரிக்க வேண்டுமென்று துப்பியது. இன்றைக்குச் சனம் அழ வேண்டுமென்று விழுங்குகிறது. இதற்காகவா அந்த மனிதர் இரண்டு வருடம் ஒருவருக்கும் ஊற்றாமல் கையைக் கட்டிக்கொண்டிருந்தார்?

“அண்ணை,” என்றாள். “உது பழுதாப்போன பியர்.”

“என்ன?”

“பழுதாப்போனது. கத்தரிக்கு வாற நத்தையள் விழுந்து சாக எண்டு இவர் ஒதுக்கி வைச்சது. விட்பியில நீங்கள் துப்பினீங்களே, அதுதான் நல்லது.”

இராஜரட்ணத்தின் முகம் கறுத்தது. கிளாஸ் நெஞ்சுக்கு நேரே அப்படியே நின்றது. “என்ன தங்கச்சி, ஆக்களுக்கு முன்னால...”

“அண்டைக்கும் ஆக்கள் இருந்தவைதானே.”

சிரிப்பார்கள் என்று நினைத்திருந்தாள். அன்றைக்குச் சிரித்த அதே வாய்கள்தான். செத்தவீடு முடிந்ததிலிருந்து அந்தச் சிரிப்பைக் காதுக்குள் கேட்டுக் கேட்டுத்தான் இறால் உரித்தாள், தேங்காய் துருவினாள். ஒருவரும் சிரிக்கவில்லை. தத்தமது காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுவும் ஒரு விதத்தில் சரிதான் என்று பட்டது.

கிளாஸில் பாதிக்கு மேல் இருந்தது. இராஜரட்ணம் அதை வைக்க ஒரு இடம் தேடினார்.

“படைச்சது, அண்ணை. மிச்சம் விடக்கூடாது.” குணவதி குரலை உயர்த்தவில்லை.

“அம்மா, போதும்” என்றாள் நிலாணி. குணவதி திரும்பவில்லை.

அவர் குடித்தார். இந்த முறை ஒவ்வொரு மிடறும் தொண்டையில் நின்று நின்றுதான் இறங்கியது. நெற்றியில் வேர்த்தது. கண்ணில் உண்மையாகவே தண்ணீர் வந்தது. அருமை என்று சொல்லவில்லை. கடைசி வரை குடித்துவிட்டு, தலையைக் குனிந்தபடி வெறும் கிளாஸைத் தங்கைக்கு நீட்டினார்.

அவள் வாங்கவில்லை.

“நாங்கள் விட்பிக்கு வரேல்லை அண்ணை. வீட்டை விக்கவும் இல்லை. கீழ இருக்கிறதெல்லாம் கீழயே இருக்கும்.”

சோற்றுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு, அண்ணன் நின்ற பக்கத்தை விட்டு, சாப்பிடக் குந்திய வரிசையின் மறு முனைக்குப் போனாள். அங்கே சுவரோரம் கிறிஸ்துநாயகம் சம்மணம் கட்டி இருந்தார். அவருக்குத்தான் முதலில் போட்டாள். ஒரு அகப்பை, இன்னொரு அகப்பை. பேப்பர் பிளேற் பாரம் தாங்காமல் வளைந்தது. “போதும் அக்கா, போதும்” என்று அவர் கையை மறித்து மறித்துச் சொல்ல, அவர் முகத்தையே பார்த்தபடி அவள் போட்டுக்கொண்டே இருந்தாள்.