பைப்புக்குள் போன வயர்

அன்று கனகா வீட்டு வாசலில் இருந்தவர்கள்: கனகா, அவளுடைய அம்மா தங்கப்பொண்ணு, மைக்செட் கருப்பு, நான். நடுவில் படுக்கவைத்த ஒரு வெளிநாட்டு சைக்கிள். தெருநாய் ஒன்றும் வந்து பார்த்துவிட்டுப் போனது. அதைச் சேர்க்கவில்லை.

கனகாவும் நானும் ஒரே நூல் மில்லில் நைட் ஷிஃப்ட் பார்த்தவர்கள். பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் மெஷின் அவளுடைய இடது கையில் மூன்று விரல்களை எடுத்துக்கொண்டது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மிச்சம். நான் பத்து விரல்களோடு வேலையை விட்டேன். அதற்கு முன்பு பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டிருந்தேன். விடுவது எனக்குப் பழக்கம்.

மறுநாள் முதல் அவளுக்கு ஊரின் மறுபக்கம் மாட்டுத்தாவணியில் ஒரு சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் போடும் வேலை. மில்லுக்குப் பிறகு அவளைக் கூப்பிட்ட ஒரே வேலை அதுதான். விடியும்போது அங்கே இருக்க வேண்டும். எங்கள் காளவாசல் பக்கத்திலிருந்து அந்த நேரத்துக்கு நம்பி ஏற பஸ் இல்லை.

திருநகரில் கனகாவுக்குத் தெரிந்த கோகுல்நாத் என்பவர், முதுகு பிடித்துக்கொண்டதால் ஓட்டாமல் போட்டிருந்த சைக்கிளை அவளுக்குக் கொடுத்தார். கடாக் கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார். இரண்டு விரல் கையால் அதில் குனிந்து ஓட்ட முடியாது. நேரான ஹேண்டில்பார் மாட்ட வேண்டும். அதோடு பின்பிரேக்கை வலது கைக்குக் கொண்டுவர வேண்டும். வழக்கமாக வலது கை முன்பிரேக்குக்கு. இறக்கத்தில் அதை மட்டும் அழுத்திப் பிடித்தால் ஆள் முன்னால் போய் விழ வேண்டியதுதான்.

தங்கப்பொண்ணு காலையிலேயே சொல்லிவிட்டாள். "பொழுது சாயறதுக்குள்ள இது எங் கண்ணு முன்னாடி பிரேக் பிடிச்சு நிக்கணும். நிக்கலேன்னா வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம். இன்னொரு கையையும் குடுத்துட்டு வந்து நிப்பா, நான் பாக்கணுமா?"

பின்பிரேக் வயர் வெளியே ஓடவில்லை. மேல் பைப்பின் முன்பக்கம் ஒரு ஓட்டையில் நுழைந்து, சீட்டுக்குக் கீழே இன்னொரு ஓட்டையில் வெளியே வந்தது. புது ஹேண்டில்பார் அகலம். பழைய வயர் ஒரு ஜாண் பத்தவில்லை. மொபெட் கிளட்ச் வயர் ஒன்றை வாங்கி, அதன் தலைக் குண்டை லிவருக்குத் தகுந்தபடி ராவி வைத்திருந்தேன். பழைய வயரை முன்பக்கமாக உருவிப் போட்டேன்.

கனகா கேட்டாள். "டேய் பாண்டி, உருவுறதுக்கு முன்னாடி அது வால்ல ஒரு நூலக் கட்டலையா?"

"கட்டல." கட்டியிருந்தால் அந்த நூலைப் பிடித்தே புது வயரை உள்ளே இழுத்திருக்கலாம்.

"மில்லுல என்னடா வேல பாத்த?"

"அறுந்த இழைய ஒட்டுற வேல."

"அம்புட்டு இழைய ஒட்டினவனுக்கு ஒரு முடிச்சுப் போடத் தெரியல."

"நீயும் அதே வேலதான்க்கா பாத்த. பாத்துக்கிட்டுத்தான இருந்த?"

அவள் சிரித்தாள். தங்கப்பொண்ணு சிரிக்கவில்லை. மேற்கே வெயிலைப் பார்த்தாள்.

புது வயரை முன் ஓட்டையில் விட்டுத் தள்ளினேன். போனது. வெளியே வரவில்லை. பைப்புக்குள் எங்கேயோ சுருண்டது. இழுத்து மறுபடி தள்ளினேன். பின் ஓட்டையில் ஸ்போக் கம்பியை வளைத்து விட்டுத் துழாவினேன். சைக்கிளைத் தூக்கிக் குலுக்கினேன். பைப்புக்கு உள்ளே காலி இடம் அத்தனை இருக்கும் என்று அதுவரை நான் நினைத்ததில்லை. வெயில் எதிர்ச் சுவரில் பாதிக்கு ஏறிவிட்டது. இதையும் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாமா என்று தோன்றியது.

மைக்செட் கருப்பு, சுவரோரம் உட்கார்ந்து, கிழிந்துபோன ஸ்பீக்கர் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தான். "மாப்ள, பேசாம எடைக்குப் போட்டுரு. இரும்புதானான்னு பாப்போம்" என்று சொல்லி, கழற்றிய காந்தத்தை எடுத்துவந்து பைப்பின் மேல் வைத்தான். காந்தம் ஒட்டவில்லை. வழுக்கியது. "இரும்பே இல்லடா இது. அலுமினியம்."

"சும்மா இருண்ணே" என்றாள் கனகா. "உள்ள ஏதோ சத்தம் கேட்டுச்சு. திரும்ப வை."

வைத்தான். உள்ளே 'டிக்' என்று கேட்டது. வயர் எழுந்து காந்தத்துக்கு நேராகப் பைப்பின் உட்சுவரில் ஒட்டிய சத்தம்.

கருப்பு காந்தத்தைப் பைப்பின் மேல் மெதுவாகப் பின்னால் நகர்த்தினான். நான் முன்னாலிருந்து வயரைத் தள்ளிக்கொடுத்தேன். இரண்டு முறை பிடி விட்டு மறுபடி பிடித்தோம். பின் ஓட்டையில் வெள்ளையாக ஒரு நுனி தெரிந்தது. கனகா தலையிலிருந்த கொண்டை ஊசியை எடுத்து அதை நெம்பி, இடது கை விரல்கள் இரண்டாலும் கவ்வி இழுத்தாள். வந்துகொண்டே இருந்தது.

வயருக்கு மாட்டும் வெளி உறையை முதலில் குட்டையாக வெட்டிவிட்டேன். ஹேண்டிலைத் திருப்பினால் பிரேக் தானாகப் பிடித்தது. நீளமாக இன்னொன்று வெட்டி, ஹேண்டில் தண்டுக்கு முன்னால் ஒரு வளைவு கொடுத்து மாட்டினேன். இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பார்த்தேன். சக்கரம் தடையில்லாமல் சுற்றியது.

பைபாஸ் ரோட்டிலிருந்து எங்கள் தெருவுக்கு ஒரு சரிவு இறங்குகிறது. கனகா மேலே போய் ஏறி உட்கார்ந்தாள். தங்கப்பொண்ணு சரிவுக்குக் கீழே, நடு வழியில் போய் நின்றுகொண்டாள்.

"ஒதுங்கும்மா."

"நீ வாடி."

வந்தாள். வேகமாகத்தான் வந்தாள். வலது கையை மட்டும் மூடினாள். பின்சக்கரம் மண்ணைக் கிழித்துக்கொண்டு நின்றது. அம்மாவுக்கும் முன்சக்கரத்துக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கலாம்.

தங்கப்பொண்ணு அந்தச் சக்கரத்தைப் பார்த்தாள். "இன்னொரு தடவ வா" என்றாள். கனகா நான்கு தடவை வந்தாள். கடைசித் தடவை தங்கப்பொண்ணு வழியில் நிற்கவில்லை. கருப்பிடம் டீ குடிக்கிறாயா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மில்லை விட்டும் எனக்கு ராத்திரித் தூக்கம் திரும்பவில்லை. மறுநாள் விடிவதற்கு முன்பு எதிர்வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தேன். கனகா சைக்கிளை இறக்கினாள். ஹேண்டிலை இரண்டு பக்கமும் ஒருமுறை திருப்பிப் பார்த்தாள்.

"போயிட்டு வாரேன்மா."

"சோத்து வாளிய எடுத்தியா?"

"எடுத்தேன்."

அவள் சரிவில் ஏறி ரோட்டில் திரும்பினாள். தங்கப்பொண்ணு வாசலில் நிற்கவில்லை. கொட்டாவி விட்டபடி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது.