அவர் குரல் இருந்த டிஸ்க்

என் கணவருக்குத் தொண்டையில் ஆபரேஷன் செய்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்பே ஒரு சின்னக் கம்பெனி அவரை உட்காரவைத்து, பக்கம் பக்கமாகப் படிக்கச் சொல்லிப் பதிவு செய்து, அவர் குரலிலேயே பேசும் புரோகிராம் ஒன்றை எங்கள் கம்ப்யூட்டரில் ஏற்றித் தந்தது. அவர் தட்டுவார், ஸ்பீக்கர் பேசும். அதே கரகரப்பு, அதே எகத்தாளம். குரல் போனதால் எங்கள் வீட்டில் சண்டை குறைந்திருக்கும் என்று யாராவது நினைத்தால், நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்கும்.

இப்போது அந்தக் கம்பெனியே இல்லை. கம்ப்யூட்டரோ தொட்டதற்கெல்லாம் மலைத்து நின்றது. உள்ளேயிருந்து 'டிக் டிக்' என்று சத்தம். கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் தம்பி வந்து காதை வைத்துக் கேட்டான்.

"ஹார்ட் டிஸ்க் போயிட்டிருக்குக்கா. புதுசு போட்டுரலாம். ஆனா அந்தப் புரோகிராம மறுபடி ஏத்திக் குடுக்க ஆளில்ல. இப்பதான் போன்லயே பேசுற குரல் நிறைய இருக்கே, நல்லதா ஒண்ணு பாத்து..."

"எனக்கு நல்ல குரல் வேண்டாம்டா. இவர் குரல் வேணும்."

"விட்டுடு. எதுல பேசினா என்ன?" என்றது ஸ்பீக்கர்.

"நீங்க சும்மா இருங்க" என்றேன். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

வழி ஒன்று இருந்தது. பழைய டிஸ்க்கில் இருப்பதை ஒன்று விடாமல் அப்படியே புதியதற்கு நகலெடுப்பது. மறுநாள் காலை தம்பி பெட்டியைத் திறந்து புதிய டிஸ்க்கை மாட்டி, ஒரு பென் டிரைவ் வழியாக வேலையைத் தொடங்கிவைத்தான்.

"சாயங்காலம் வரைக்கும் ஓடும். நடுவுல ஆஃப் மட்டும் பண்ணிராதீங்க. ஒரு தடவ நின்னா, பழசு மறுபடி சுத்துமோ சுத்தாதோ" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போனான்.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. ஆளில்லாத அறையில் சுவிட்ச் எதுவும் போட்டிருக்கக் கூடாது. சட்டம் போட்டவர், காவல் காப்பவர் எல்லாம் அவர்தான். நான் மதியம் வரை அந்த நாற்காலியை விட்டு எழவில்லை. அடுப்பில் பால் பொங்கும் வாசம் வந்தபோதுதான் ஓடினேன்.

திரும்பி வந்தால் அறை அமைதியாக இருந்தது. திரை கறுப்பு. அவர் சுவிட்ச் பக்கத்தில் தன் கையைத் தானே பார்த்துக்கொண்டு நின்றார். கை பழக்கத்தில் போய்விட்டது.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. எனக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அவர் கையை, அவர் சட்டத்தை, அவர் சிக்கனத்தை, அவரை அப்படி வளர்த்த பரம்பரையை, ஒன்றையும் விடவில்லை. அவர் பதில் சொல்லக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். சட்டென்று நின்றார். எழுதும் பலகையை எடுத்தார், பேனாவைத் திறந்தார், மூடி வைத்துவிட்டார்.

இந்த மனுஷன் ஒருநாளாவது எதிர்த்துப் பேசாமல் இருக்க மாட்டாரா என்று எத்தனை தடவை ஏங்கியிருப்பேன். அந்த நாள் வந்தபோது எனக்குத் தாங்கவில்லை. திட்டிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டேன்.

சுவிட்சைப் போட்டேன். டிஸ்க் இரண்டு முறை முனகி அடங்கியது. தம்பிக்குப் போன் செய்தேன்.

"திரும்பத் திரும்பப் போடாதக்கா. நல்லா ஆற விடு. சுத்துச்சுன்னா விட்ட எடத்துலேர்ந்து தொடரும், எதுவரைக்கும் ஏறிச்சுன்னு பென் டிரைவுல குறிப்பு இருக்கு. ஆனா எது பழசு, எது புதுசுனு பாத்து அடி. மாத்தி அடிச்சா காலி டிஸ்க் அவர் குரல் மேல ஏறிரும்."

டேபிள் ஃபேனை டிஸ்க் பக்கம் திருப்பிவைத்துக் காத்திருந்தோம். அவர் போய் டேப் கொண்டுவந்தார். நான் மறுபடி சுவிட்சைப் போட்டதும், யாரும் தொட முடியாதபடி அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினார். டிஸ்க் முனகியது, இழுத்தது, பிறகு ஒரே சீராகச் சுற்றியது. திரையில் வந்த டிஸ்க் எண்களை நான் தம்பிக்குப் போனில் படிக்க, அவர் டிஸ்க் மேலிருந்த ஸ்டிக்கரில் விரல் வைத்துச் சரிபார்த்துத் தலையாட்டினார். தம்பி சொன்னபடி அடித்து எண்டர் தட்டினேன்.

பல இடங்களில் திக்கியது. நான் அசையவில்லை. சாப்பாட்டுத் தட்டை அவரே கொண்டுவந்து கையில் கொடுத்தார்.

நகல் முடிந்தபோது இருட்டிவிட்டது. தம்பி வந்து பழையதைக் கழற்றிப் புதியதை அதன் இடத்தில் மாட்டினான். "கொஞ்சம் படிக்க முடியாமப் போயிருக்கு. எதுல அடிபட்டிருக்குன்னு ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்" என்றான். கம்ப்யூட்டர் எழுந்தது. புரோகிராமும் திறந்தது. அவர் உட்கார்ந்தார், ஆனால் விரல் எழவில்லை. அவருக்கும் பயம்தான்.

"ஏதாவது அடிங்க மாமா" என்றான் தம்பி.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு நெடுநேரம் தட்டினார். அதே கரகரப்பில் குரல் வந்தது.

"நீ பாதியில நிறுத்தினப்பதான் எனக்கு பயம் வந்துச்சு. மீதியையும் திட்டு."

அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே மீதியையும் திட்டினேன். ஒவ்வொன்றுக்கும் அவர் பதில் சொன்னார்.